வேதபாரகர்: பாரமா, கரையா?

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2

பைபிளில் யூத வேத அறிஞர்களுக்கு வரும் பெயர் வேதபாரகர். அதற்கு "வேதத்தின் பாரத்தைச் சுமக்கிறவர்கள்" என்று பொருள் என சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்று என் மகளும் அதையே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். இது சரிதானா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வேதபாரகர், பரிசேயர் இருவரும் ஒருவர்தானா?

மார்ச் 2, இரவு

சுமக்கிறவர் இல்லை. கரைக்குப் போனவர்.

வேத, பார, க என்று மூன்று துண்டு. வடமொழியில் 'பார' என்றால் ஆற்றின் எதிர்க்கரை, கடலின் அக்கரை. 'க' என்றால் போகிறது, போனது. விரைந்து போவதால் குதிரை துரகம், மார்பால் ஊர்ந்து போவதால் பாம்பு உரகம். அந்தக் 'க'தான் இதுவும். இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரைவரை வேதத்தைக் கடந்து போனவர் வேதபாரகர்.

தமிழில் இதே படம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கலையில் தேர்ந்தவரை 'கரைகண்டவர்' என்கிறோம். "கல்வி கரையில கற்பவர் நாள்சில" என்று நாலடியார் சொல்வதும் அதே நீரைப் பார்த்துத்தான். வேதபாரகர் என்ற சொல்லுக்கு நேர்த் தமிழ் கேட்டால் 'மறை கரைகண்டார்' என்பேன்.

குழப்பம் வந்த வழியும் தெளிவாகத் தெரிகிறது. சுமை என்ற பொருள் தரும் 'பாரம்' வடமொழியில் வேறு எழுத்தில் தொடங்குகிறது, மூச்சுச் சேர்ந்த நான்காவது பகரம். கரை என்ற 'பார' முதல் பகரம். தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. போதாததற்கு, சொல்லின் நடுவில் உயிருக்கு அடுத்து வரும் ஒற்றைப் பகரத்தை நாம் சபை, கபம் என்பதுபோல மென்மையாகத்தான் ஒலிக்கிறோம். அதனால் 'வேதபாரகர்' என்று வாய்விட்டு வாசித்தாலே காதில் சுமைதான் விழுகிறது.

அப்புறம் மத்தேயு 23. அதிகாரம் வேதபாரகரையும் பரிசேயரையும் பற்றித் தொடங்குகிறது, நான்காவது வசனத்திலேயே அவர்கள் பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோளில் வைப்பதாக வருகிறது. பெயரும் பாரம், செய்கையும் பாரம் என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கும் தோன்றியது. 11 வருஷம் நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை, நானும் அகராதியைத் திறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பரிசேயர் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை

தூங்கி எழுந்ததும் நினைவுக்கு வந்தது. இந்தப் 'பார' நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பாராயணம். பார + அயனம். அக்கரை நோக்கிய பயணம். ஒரு நூலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விடாமல் ஓதி முடிப்பதற்கு ஏன் அந்தப் பெயர் என்று இப்போது விளங்குகிறது. நடுவில் நிறுத்தினால் நடு ஆற்றில் நிற்கிறோம்.

அபாரம். கரை இல்லாதது. "அபாரமான ஆட்டம்" என்று கிரிக்கெட்டுக்குச் சொல்கிறோமே, அது உண்மையில் கடலைப் பற்றிய சொல்.

பாரம்பரியமும் இந்தக் குடும்பம்தான் என்று நினைக்கிறேன். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கைமாறி வருவது.

மார்ச் 3, மாலை

காலையில் எழுதியதில் கடைசி வரி தப்பு. பாரம்பரியம் 'பரம்பரா' என்பதிலிருந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்து அடுத்து என்று பொருள். கரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாராயணமும் அபாரமும் நிற்கும். பாரம்பரியத்தை எடுத்துவிடுங்கள். ஓசையைக் கேட்டு உறவு சொல்லும் அதே தவற்றை, அதைப் பற்றி எழுதும்போதே செய்திருக்கிறேன். வரியை அழிக்காமல் விடுகிறேன், யாராவது அதை நகல் எடுத்திருந்தால் இதையும் பார்க்கட்டும்.

மார்ச் 5

இங்கே ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: மூலத்தில் கரை இருக்கிறதா?

இல்லை. புதிய ஏற்பாட்டில் வேதபாரகர் என்று வரும் இடத்தில் கிரேக்கச் சொல் கிரம்மத்தேயுஸ். கிரம்மா என்றால் எழுத்து. எழுத்தோடு வேலை செய்கிறவர், எழுத்தர். எபிரெயத்தில் சோஃபேர். அதிலும் ஆறு இல்லை, கடல் இல்லை, கடத்தல் இல்லை.

ஆகவே மொழிபெயர்த்தவர்கள் மூலச்சொல்லின் உடலை விட்டுவிட்டு, அந்த மனிதர் சமூகத்தில் யாராக இருந்தார் என்று பார்த்திருக்கிறார்கள். இயேசுவின் காலத்தில் சோஃபேர் வெறும் நகல் எழுதுகிறவர் இல்லை. வேதத்தை விளக்குகிறவர், வழக்குக்கு வசனம் காட்டுகிறவர், சீஷர்களை வைத்துக் கற்பிக்கிறவர். இந்த மண்ணில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன பெயர் என்று தேடி, அந்தப் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர் சாதாரணப் பெயரும் இல்லை. மனுஸ்மிருதியின் ஏழாம் அத்தியாயத்தில் தானத்தின் பலனுக்கு ஒரு ஏணி வருகிறது. பிராமணன் அல்லாதவனுக்குக் கொடுத்தால் கொடுத்த அளவு. பெயருக்குப் பிராமணனாக இருப்பவனுக்கு இரட்டிப்பு. நன்றாகக் கற்றவனுக்கு நூறாயிரம் மடங்கு. வேதபாரகனுக்குக் கொடுத்தால் முடிவே இல்லாத பலன். ஏணியின் உச்சிப் படியில் இருக்கிற சொல் அது. எந்தப் பிறப்பில் வந்தவனுக்கு எவ்வளவு என்று அளக்கிற அந்த ஏணி எனக்கு உடன்பாடானது இல்லை. சொல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

பாலி மொழியில் பௌத்த சூத்திரங்கள் ஒரு பெரிய பிராமண ஆசிரியரை அறிமுகம் செய்யும்போது 'மூன்று வேதங்களின் அக்கரை சேர்ந்தவர்' என்கின்றன. அங்கே சொல் பாரகூ. பிறகு அதே பாரகூ, துக்கத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தவருக்கும் ஆகிறது. நூலைக் கடந்தவனா, துயரைக் கடந்தவனா, எவன் உண்மையில் கரை சேர்ந்தவன் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே அப்போதே வந்துவிட்டது. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 6

"பிராமணருக்கான சொல்லை எடுத்து யூதருக்கு வைத்தது சரியா" என்று கேட்டவருக்குச் சின்னக் குறிப்பு.

'வேதம்' என்ற சொல்லே அப்படி வந்ததுதானே. எங்கள் ஆச்சி பைபிளை வேதம் என்று மட்டும்தான் சொல்வாள். தென்மாவட்டங்களில் தேவாலயத்துக்கு வேதக்கோயில் என்றும், கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்றும் பெயர். கத்தோலிக்கத்தில் உபதேசியாரை வேதியர் என்றார்கள். வீரமாமுனிவர் அவர்களுக்காக எழுதிய நூலின் பெயரே 'வேதியர் ஒழுக்கம்'. சைவப் பக்திப் பாடல்களில் வேதியன் என்று சிவனையே அழைப்பார்கள். அதே சொல்தான் ஊர் ஊராக நடந்து ஜெபம் சொல்லிக்கொடுத்த ஆளுக்கும் வந்தது.

மார்ச் 9

பரிசேயர் கேள்விக்கு வருகிறேன்.

பரிசேயர் ஒரு சமயப் பிரிவு. வேதபாரகர் ஒரு தொழில், ஒரு படிப்பு. பரிசேயருக்குள்ளும் வேதபாரகர் இருந்தார்கள். அப்போஸ்தலர் 23இல் பவுலை ஆலோசனைச் சங்கத்தில் நிறுத்தியபோது, பரிசேய சமயத்தாரான வேதபாரகரில் சிலர் எழுந்து, இந்த மனுஷனிடத்தில் பொல்லாங்கு ஒன்றும் காணோம் என்று வாதாடுகிறார்கள். தொழிலும் பிரிவும் ஒரே வாக்கியத்தில் தனித்தனியாக நிற்கின்றன, அங்கே போய்ப் பாருங்கள்.

நியாயசாஸ்திரி என்ற இன்னொரு சொல்லும் வரும். கிரேக்கத்தில் அது வேறு சொல், சட்டம் தெரிந்தவர். ஆனால் மனிதர்கள் பெரும்பாலும் அதே மனிதர்கள். எது முதன்மையான கற்பனை, அதாவது கட்டளை, என்று இயேசுவிடம் கேட்ட ஆளை மத்தேயு 22 நியாயசாஸ்திரி என்கிறது, மாற்கு 12 வேதபாரகரில் ஒருவன் என்கிறது.

அந்த மாற்கு 12தான் நான் எழுத நினைத்தது. சிறு வயதில் நான் கேட்ட பிரசங்கங்களில் வேதபாரகர் என்றால் கெட்டவர், அவ்வளவுதான். ஒருமுறை எங்கள் சபைக்கு வந்த ஒரு பிரசங்கியார், சபையில் நன்றாக வேதம் படித்திருந்த ஒரு முதியவர் கூட்டம் முடிந்து ஏதோ சந்தேகம் கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் "நீர் ஒரு வேதபாரகர்" என்றார். வசவாகத்தான் சொன்னார், எல்லாரும் வசவாகத்தான் எடுத்துக்கொண்டோம். தாத்தா ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் கேட்டது என்ன கேள்வி என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் போன விதம் நினைவிருக்கிறது.

இப்போது சொல்லின் பொருள் தெரிந்தபின் அந்தக் காட்சியைத் திருப்பிப் பார்க்கிறேன். அவரைக் கரைகண்டவர் என்றிருக்கிறார்கள். சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

நற்செய்திகள் வேதபாரகரைக் கண்டிக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. நீண்ட அங்கி, முதன்மையான ஆசனம், விதவைகளின் வீடு, எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. அதே நற்செய்திகளில் மத்தேயு 13:52 இருக்கிறது. பரலோக ராஜ்யத்துக்கடுத்தவைகளில் தேறின வேதபாரகன், தன் பொக்கிஷத்திலிருந்து புதியதையும் பழையதையும் எடுத்துக்கொடுக்கிற வீட்டெஜமானுக்கு ஒப்பானவன் என்று இயேசுவே சொல்கிறார். அது வசவு இல்லை. மாற்கு 12இல் கேள்வி கேட்ட வேதபாரகன் பதிலைக் கேட்டு, சரியாகச் சொன்னீர் என்கிறான். பலிகளைவிட அன்பு பெரியது என்று தானே ஒரு படி மேலே போகிறான். அவனுக்குக் கிடைத்த பதில்: "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல."

தமிழில் படிக்கிற நமக்கு மட்டும் இங்கே ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. அக்கரை சேர்ந்தவன் என்று பெயர் வாங்கியவனைப் பார்த்து, நீ தூரத்தில் இல்லை என்கிறார். கிரேக்கத்தில் இந்த உரசல் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்ததும் இல்லை. ஆனாலும் அந்த வசனத்தை இனிமேல் என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியாது.

மார்ச் 10

மார்ச் 5 குறிப்பைத் திரும்பப் படித்தேன். கிரம்மத்தேயுஸ் வரும் இடமெல்லாம் வேதபாரகர்தான் என்ற தொனியில் எழுதிவிட்டேன். தப்பு.

அப்போஸ்தலர் 19. எபேசுவில் கலகம். ஜனக்கூட்டம் நாடகசாலைக்குள் புகுந்து இரண்டு மணி நேரமாகக் கத்துகிறது. அவர்களை அமர்த்துகிற அதிகாரிக்குக் கிரேக்கத்தில் அதே கிரம்மத்தேயுஸ். தமிழில் 'பட்டணத்துச் சம்பிரதி'. அவருக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை, நகராட்சி எழுத்தர். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லைப் போடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

பழைய ஏற்பாட்டிலும் அப்படித்தான். தாவீதின் அரண்மனையில் செராயா சம்பிரதி. யோசியாவின் காலத்தில் சாப்பான் சம்பிரதி. எபிரெயத்தில் இருவரும் சோஃபேர்தான். சம்பிரதி என்றால் கணக்கும் கடிதமும் பார்க்கிற தலைமை எழுத்தர். கச்சேரி என்ற பழைய அரசு அலுவலகங்களில் புழங்கிய சொல், இன்றைய பிள்ளைகளுக்கு அதுவும் விளக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 11

சேர்த்துக்கொள்ள ஒன்று. எஸ்றா 7:6 எஸ்றாவை 'தேறின வேதபாரகன்' என்கிறது. எபிரெயத்தில் சோஃபேர் மாஹிர். இதே இரண்டு சொல் சங்கீதம் 45இன் முதல் வசனத்தில் வருகிறது. அங்கே தமிழ் என்ன? "என் நாவு விரைவாய் எழுதுகிறவனுடைய எழுத்தாணி." ஒரு இடத்தில் தேறின வேதபாரகன், இன்னொரு இடத்தில் விரைவாய் எழுதுகிறவன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சோஃபேர் முழுசாகத் தெரிகிறார். கையில் எழுத்தாணி, தலையில் நூல்.

எரேமியா 8:8இல் வேதபாரகரின் 'கள்ள எழுத்தாணி' வருகிறது. எழுத்தாணி ஒன்றுதான், பிடித்த கை வேறு.

மார்ச் 14

இந்த வாரம் முழுக்க சோஃபேர் என்ற சொல்லோடுதான் இருந்தேன். பஸ்ஸில் போகும்போதும் அதுதான்.

எபிரெயத்தில் அதன் வேர் ஸ-ப-ர என்ற மூன்று மெய். அதிலிருந்து சேஃபேர், புத்தகம். அதிலிருந்தே மிஸ்பார், எண். எழுதுவதும் எண்ணுவதும் அந்த மொழியில் ஒரே வேரில் நிற்கின்றன. யூத மரபின் விளக்கத் தொகுப்பான தல்மூதில் கித்துஷீன் என்ற பகுதியில், முன்னோர்களுக்கு ஏன் சோஃபேரிம் என்று பெயர் வந்தது என்ற கேள்விக்கு வருகிற பதில்: அவர்கள் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களின், எழுத்துகளையெல்லாம் எண்ணினார்கள். எண்ணியதோடு நிற்கவில்லை, தோராவின் நடு எழுத்து எது என்றும் சொல்கிறார்கள். லேவியராகமத்தில், வயிற்றினால் நகர்கிற பிராணிகளைப் பற்றிய வசனத்தில், வயிறு என்ற சொல்லில் இருக்கிற 'வாவ்' என்ற எபிரெய எழுத்து. இன்றும் தோராச் சுருளுக்குச் சொல்லப்படும் கணக்கு 3,04,805 எழுத்து. ஒன்று குறைந்தாலும் சுருள் செல்லாது.

எண்ணுகிறவர்கள். இதற்குத் தமிழில் ஒன்றுமே இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பதில் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருந்தது.

கணக்கு.

நெடுங்கணக்கு என்றால் அ முதல் ன வரையுள்ள எழுத்து வரிசை. பதினெண்கீழ்க்கணக்கு என்றால் 18 நூல்கள். கணக்கு என்றால் எண், கணக்கு என்றால் எழுத்து, கணக்கு என்றால் நூல். எபிரெயத்தில் ஸ-ப-ர செய்ததை இங்கே கணக்கு செய்திருக்கிறது, ஒன்றுக்கொன்று தெரியாமல். எழுத்தும் எண்ணும் கற்பித்த ஆசிரியருக்குப் பெயர் கணக்காயர். நக்கீரரின் தகப்பனார் மதுரைக் கணக்காயனார். சோஃபேருக்கு இதைவிடப் பக்கத்தில் எந்த மொழியில் சொல் கிடைக்கும்?

இன்னும் இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையின் பெயர் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்து அறிஞரிடமும் போய், உன் நூல் என்ன சொல்கிறது என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசையாகப் பேசுகிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துச் சாத்தனார் வைத்த பெயர் சமயக்கணக்கர். சமயநூல் அறிஞரைக் கணக்கர் என்று அழைக்கும் வழக்கம் தமிழில் இருந்திருக்கிறது! பள்ளியில் அந்தக் காதையின் பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். 'கணக்கர்' என்பதில் ஒரு நொடிகூட நின்றதில்லை.

மார்ச் 15

காலை ஜெபத்துக்கு எஸ்றா புத்தகத்தைத் திறந்தேன். ஏழாம் அதிகாரத்துக்குப் போகும் வழியில் நான்காம் அதிகாரம். எருசலேம் கட்டப்படுவதை எதிர்த்து ராஜாவுக்கு மனு எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஆலோசனைத் தலைவனாகிய ரெகூம், 'கணக்கனாகிய' சிம்சாய்.

கணக்கன். மூலத்தில் சோஃபேரின் அரமேய வடிவம்.

நேற்று மணிமேகலை வரை நடந்து தேடிய சொல் நான் தினமும் திறக்கிற புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. ஒரே புத்தகம், மூன்று அதிகார இடைவெளி, ஒரே மூலச்சொல். எதிரியின் பக்கம் மனு எழுதியவன் கணக்கன், வேதத்தைக் கொண்டுவந்தவன் வேதபாரகன்.

மார்ச் 17

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இவர்களுக்கு 'மறைநூல் அறிஞர்' என்று இருக்கிறது, நியாயசாஸ்திரி 'திருச்சட்ட அறிஞர்' ஆகியிருக்கிறார், அதுவே போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

புரிவதற்குப் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும், பாரக் குழப்பம் ஒழிந்தது. நான் வகுப்பில் இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன். 1871இல் வந்த பழைய பைபிள் திருப்புதலை வைத்திருக்கிற எங்கள் சபையிலும் அப்படிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

எனக்கு ஒரு குறை மட்டும். 'அறிஞர்' என்றால் தெரிந்தவர். தெரிந்ததை வைத்து என்ன செய்கிறார் என்பது அதில் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள், முதல் பராந்தகன் காலம், 919, 921. ஊர்ச் சபைக்கு நிற்க கால் வேலி நிலம் வேண்டும். அரைக்கால்தான் இருக்கிறது என்றால் ஒரு வேதத்தில் வல்லவனாக இருந்து, நான்கு பாஷ்யத்தில் (விளக்கவுரையில்) ஒன்றையாவது 'வக்காணித்து' அறிந்தவனாக இருக்க வேண்டும். அதாவது விரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். நெகேமியா 8இல் எஸ்றா செய்ததும் அதுதான். தண்ணீர் வாசலுக்கு முன்னால் மரப் பீடத்தில் நின்று காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தார். லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கவைத்தார்கள். ஜனங்கள் அழுதார்கள். அறிஞர் என்பதில் அந்தக் காலை நேரம் கேட்கவில்லை எனக்கு.

இதற்கு 'வல்லார்' பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பந்தர் பதிகங்களின் கடைசியில் பாடலை ஓதவல்லார் என்று வருமே, அந்த வல்லார். மறைநூல் வல்லார். இது என் விருப்பம், அவ்வளவுதான்.

மார்ச் 18

முஸ்லிம் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஆலிம், அதன் பன்மை உலமா, இரண்டும் அறிவு என்ற வேரிலிருந்து. குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவர் ஹாபிழ். அதன் பொருள் காக்கிறவர். ஒரு மரபு எழுத்தை எண்ணுகிறவர் என்றது, ஒன்று கரை சேர்ந்தவர் என்றது, ஒன்று காக்கிறவர் என்றது. அவருக்கு நன்றி. குர்ஆன் 'ஓதுதல்' என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்வதும், தேவாரம் பாடுகிறவர் ஓதுவார் என்பதும் ஒரே ஓதுதல் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

மார்ச் 20

எழுத்துப்பிழை பற்றி: 'வேதப்பாரகர்' என்று ப் போட்டு எழுத வேண்டாம். முழுச் சொல்லாக வடமொழியிலிருந்து வந்த கூட்டு. வேதபாராயணம் போல ஒற்று மிகாது. ப் போட்டால் ஒலியும் மாறுகிறது. ஒரு விதத்தில் அப்போதுதான் சரியான பகரம் கேட்கும், சுமை நினைவு வராது. ஆனாலும் அச்சில் இருக்கிறபடியே எழுதுவோம்.

மார்ச் 23

இரண்டு விஷயம்.

முதலாவது, 1 கொரிந்தியர் 1:20. "ஞானி எங்கே? வேதபாரகன் எங்கே?" பவுல் இங்கே ஏசாயாவின் தொனியில் பேசுகிறார். ஏசாயா 33:18ஐத் திறந்தேன். "கணக்கன் எங்கே? தண்டல்காரன் எங்கே? கோபுரங்களை எண்ணினவன் எங்கே?" கணக்கன் என்ற இடத்திலும் எண்ணினவன் என்ற இடத்திலும் எபிரெயத்தில் சோஃபேர். ஒரே வசனத்தில் இரண்டு தடவை. முற்றுகையின்போது வரி குறித்து, கோபுரம் எண்ணி, மிரட்டிவிட்டுப் போன அதிகாரி எங்கே என்று கேட்கிற வசனம். ஏசாயாவின் கணக்கன்தான் பவுலிடம் வந்து சேரும்போது தமிழில் வேதபாரகன் ஆகிறான். இரண்டு வாரமாக நான் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு சொல்லும் இங்கே ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன.

இரண்டாவது, இன்றைக்கு வகுப்பு. எட்டுப் பிள்ளைகள். "இத்தனை நாள் நான் சொன்னது தப்பு, வேதபாரகர் என்றால் சுமக்கிறவர் இல்லை, அக்கரைவரை போனவர்" என்று சொல்லி, பலகையில் ஒரு ஆறு வரைந்தேன். ஒரு பையன், "அவங்க எதுக்கு எழுத்தை எண்ணினாங்க?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குப் பதிலாக 117ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டே வசனம். தமிழில் எத்தனை எழுத்து, எண்ணுங்கள் என்றேன். எட்டுப் பேருக்கும் எட்டு விடை வந்தது. மெய்யெழுத்தைத் தனியாக எண்ணுவதா என்று சண்டை. எண்ணுவது என்று முடிவுசெய்து மறுபடி எண்ணினார்கள். மூன்றாம் தடவையில் ஐந்து பேருக்கு ஒரே எண் வந்தது. மற்ற மூன்று பேரும் விரலை வசனத்தின்மேல் வைத்தபடி எண்ணிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. விரலை எடுக்காமல், "அக்கா, இன்னும் ஒரு வரிதான்" என்றார்கள்.